நாயகி நடிக்கலாமா?

கேள்வி: என் தொடர்கதையின் நாயகி பணக்கார உறவினர் வீட்டில் போய்த் தங்குகிறாள். எப்படிச் சிரிப்பது, எதைப் பேசக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போகிறாள். படித்த தோழி, ‘இவள் சுத்தப் போலி, மனசில் ஒட்டவே இல்லை’ என்கிறாள். மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். ஆதரவில்லாமல் புது இடத்துக்குப் போகிறவள் தயாராகாமல் போனால்தான் நம்ப முடியாது. மகாபாரதத்தில் விராட பருவத்தை ஒருமுறை படியுங்கள். யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழ வேண்டிய அஞ்ஞாதவாசத்துக்கு முன்பே யாருக்கு என்ன வேஷம், கேட்டால் என்ன சொல்வது என்று பாண்டவர்கள் பேசி வைத்துக்கொள்கிறார்கள், அரண்மனையில் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுடைய புரோகிதர் தௌமியர் பாடமே எடுக்கிறார். அழுக்குத் துணியோடு தெருவில் வந்த திரௌபதியை மாடத்திலிருந்து பார்த்துக் கூப்பிட்ட, விராட மன்னனின் அரசி சுதேஷ்ணை, இவ்வளவு அழகானவள் வேலைக்காரியா என்று நம்ப மறுக்கிறாள். பதில் தயாராக இருக்கிறது: நான் சைரந்திரி, அதாவது அலங்காரப் பணிப்பெண், கூந்தல் அலங்காரம் தெரியும், சத்யபாமாவிடமும் திரௌபதியிடமும் வேலை பார்த்தவள். தன் பெயரையே பழைய எஜமானியின் பெயராகச் சொல்கிற அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

ஆனால் கூடவே நிபந்தனையும் போடுகிறாள். எச்சில் சோறு தரக் கூடாது, கால் கழுவச் சொல்லக் கூடாது. வேலைக்காரி வேஷத்துக்குள்ளிருந்து அரசி பேசுகிற இடம் இது. உங்கள் நாயகி எதை விட்டுக்கொடுக்க மாட்டாள்? அது கதையில் வந்துவிட்டால் தோழிக்கும் அவள் ஒட்டிக்கொள்வாள்.

அப்புறம், வேஷத்துக்கு அவள் கொடுக்கிற விலையையும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அரசியின் தம்பி கீசகன் சபையில் வைத்து உதைத்த பிறகு, இரவில் மடைப்பள்ளிக்குப் போய், அங்கே சமையல்காரன் வேஷத்தில் இருக்கிற பீமனை எழுப்பித் தன் கைகளைக் காட்டுகிறாள் திரௌபதி. சந்தனம் அரைத்து அரைத்துக் காய்த்துப்போன கைகள். குந்திக்கும் உங்களுக்கும் பயப்படாத நான், சந்தனம் பதமாக அரைந்திருக்கிறதா என்று விராடன் முன்னால் பயந்து நிற்கிறேன் என்கிறாள். பீமன் அந்தக் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறான். பகல் முழுக்கப் பார்த்த அந்தப் பணிவு எதனால் ஆனது என்று அங்கேதான் நமக்குத் தெரிகிறது.

கேள்வி: சரி, வேஷம் எந்த இடத்தில் கலைய வேண்டும்?

பதில்: யாரோ வந்து அடையாளம் காட்டிக் கலைப்பது சுலபம், அதனாலேயே சப்பென்று இருக்கும். 1913-இல் மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தில், மேல்தட்டுப் பெண் போலப் பேசப் பழக்கிய பூக்காரி எலைசாவை மேல்தட்டுக்காரர்கள் கூடும் வீட்டுக்கு அழைத்துப்போகும்போது, வானிலை, உடல்நலம் இரண்டை மட்டும் பேசு என்று சொல்லியிருப்பார்கள். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. உடல்நலம் என்ற தலைப்பையும் அவள் தாண்டவில்லை, காய்ச்சலில் செத்ததாகச் சொன்ன சித்தியை வீட்டு ஆட்களே தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று அதே நேர்த்தியான உச்சரிப்பில் சொல்லிக்கொண்டே போகிறாள்! விதியை மீறாமலே வேஷம் கலைகிறது. எதைப் பேசக் கூடாது என்பது உங்கள் நாயகியிடம் ஏற்கெனவே இருக்கிறது, எதைப் பேசலாம் என்று அவள் நம்பிப் போகிற ஒரு விஷயத்தையும் முந்தைய அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள், அந்த விஷயமே அவளைக் காட்டிக்கொடுக்கட்டும்.