அடிமை வணிகத்தை நினைவுகூர ஏன் மாதக்கணக்கில் நடக்கிறார்கள்?

ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய அட்லாண்டிக் கடல்வழிக்குப் பெயர் மிடில் பாசேஜ். அதே பெயரில் நடந்த யாத்திரை அந்த வழியைத் திருப்பிப் போட்டது: 1998 மே மாதம் மாசசூசெட்ஸின் லெவரெட்டில் உள்ள பௌத்த அமைதிக் கோபுரத்தில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ் வரை நடைப்பயணம், அப்புறம் கரீபியன், மேற்கு ஆப்பிரிக்கா.

ஏன் நடக்கணும்? கப்பலேற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே செத்தார்கள், உடல்களைக் கடலில் வீசினார்கள், கல்லறை கிடையாது, பெயரும் எழுதிவைக்கவில்லை. போனில் துக்கம் விசாரிப்பதும் இழவு வீட்டுக்கே போய் உட்கார்வதும் ஒன்றா?

இது அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பாவம் மட்டும் என்று பலர் நினைப்பது தவறு. வடக்கில் இருக்கும் மாசசூசெட்ஸ் 1641லேயே அடிமைமுறையைச் சட்டத்தில் ஏற்றது, பக்கத்து ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டிலிருந்து அடிமைக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன.