40 சதவீதம் மழைனா குடை எடுக்கணுமா?

கேள்வி: நாளைக்கு மழை வர 40 சதவீதம் வாய்ப்புன்னு போடுறாங்களே, அப்படின்னா 40 சதவீத இடத்துல பெய்யுமா, இல்ல 40 சதவீத நேரம் பெய்யுமா? ரொம்ப நாளா குழப்பம்.

பதில்: ரெண்டுமே இல்லங்க. ஆனா இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல. 2005ல வந்த ஒரு ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க்னு அஞ்சு ஊர்ல தெருவுல போறவங்ககிட்ட 30 சதவீதம் மழைனா என்னன்னு கேட்டிருக்காங்க, நியூயார்க்ல மட்டும்தான் பாதிப்பேருக்கு மேல சரியா சொன்னாங்க, மத்த ஊர்கள்ல அவ்வளவு நேரம் பெய்யும், அவ்வளவு இடத்துல பெய்யும்னுதான் நிறைய பேர் நினைச்சிருக்காங்க. அமெரிக்க வானிலை சேவை 1960கள்லேருந்தே மழையை சதவீதத்துல சொல்லிட்டு வருது, அதனால அங்க பழகியிருக்கும்.

விஷயம் இதுதான். நாளைக்கு இருக்கப்போற மாதிரியே நிலவரம் உள்ள 100 நாளை எடுத்துக்கிட்டா, அதுல ஏறக்குறைய 40 நாள் நீங்க இருக்குற இடத்துல மழை விழும், 60 நாள் விழாது. இந்த நம்பர் எப்படி வருதுன்னா, காத்தோட இப்போதைய நிலையை யாராலயும் நூத்துக்கு நூறு அளக்க முடியாது, அதனால ஆரம்பக் கணக்கை துளித்துளி மாத்தி மாத்தி கம்ப்யூட்டர் மாடலை பல தடவை ஓட்டுறாங்க, ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம் 50 தடவை இப்படி மாத்தி ஓட்டுது, அதுல எத்தனை தடவை மழை காட்டுதுன்னு எண்ணி, பழைய அனுபவத்தையும் சேத்துத்தான் சதவீதம் சொல்றாங்க. அதனால ஒரு நாள் பெய்யலைனா உடனே "பொய் சொல்லிட்டாங்க"ன்னு சொல்லாதீங்க. 40 சதவீதம்னு சொன்ன நாள் எல்லாத்தையும் சேத்து எண்ணி, அதுல நூத்துக்கு நாப்பது நாள் பெஞ்சிருக்கான்னு பாத்தாதான் அவங்க சரியா தப்பான்னு தெரியும்.

இன்னொண்ணு, இந்த சதவீதம் மழையோட அளவை சொல்லாது. தூறலா, கொட்டித் தீக்குமான்னு தெரிஞ்சுக்க மில்லிமீட்டர் கணக்கைத் தனியா பாக்கணும். இதை எல்லாம் நம்பர் பக்கத்துலயே ஒரு வரியில போட்டுட்டா எவ்வளவு நல்லா இருக்கும்! நிறைய இடத்துல போடுறதே இல்ல, எனக்கு அது பெரிய குறைதான்.

குடையா? எடுத்துட்டுப் போங்க. சுமந்தா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

கேள்வி: போன தடவை ரெட் அலர்ட்னு பயமுறுத்தினாங்க, கடைசியில ஒண்ணுமே ஆகல. இப்படியே போனா யாரு நம்புவாங்க?

பதில்: உங்க கோபம் புரியுது. இந்தப் பிரச்சினை வானிலை சேவை பொறந்தப்பவே வந்ததுதான். 1859ல ராயல் சார்ட்டர்னு ஒரு கப்பல் வேல்ஸ் கரையோரம் புயல்ல சிக்கி மூழ்கி 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் பிரிட்டன்ல ராபர்ட் ஃபிட்ஸ்ராய்ங்கிற கடற்படை அதிகாரி தந்தி மூலமா பல ஊர் நிலவரத்தை வரவழைச்சு, 1861ல துறைமுகங்களுக்கு புயல் எச்சரிக்கை குடுக்க ஆரம்பிச்சார், கம்பத்துல கூம்பும் உருளையும் ஏத்திக் காட்டுவாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல பேப்பர்லயும் முன்னறிவிப்பு வந்துச்சு. தப்பாப் போனப்ப எல்லாம் அவரை கிண்டல் பண்ணாங்க. அவர் 1865ல இறந்தார், அடுத்த வருஷமே முன்னறிவிப்பையும் எச்சரிக்கையையும் நிறுத்திட்டாங்க. ஆனா கரையோர ஜனங்க விடல, எச்சரிக்கை வேணும்னு கேட்டாங்க, 1867லயே புயல் எச்சரிக்கை திரும்ப வந்துருச்சு. பேப்பர் முன்னறிவிப்பு வர 1879 ஆச்சு. உயிர் போற இடத்துல நின்னவங்க, சில தடவை தப்பாப் போனாலும் பரவாயில்ல, சொல்லுங்கன்னுதான் கேட்டாங்க. நானும் அவங்க பக்கம்தான்.

இப்ப பல நாட்டுல கலரை மழை அளவை மட்டும் வெச்சு போடுறதில்ல, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தா எவ்வளவு சேதம்னு ரெண்டையும் சேத்துப் பாக்குறாங்க. அதனால கலரை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, கீழ எந்தப் பகுதி, எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும், என்ன ஆகலாம்னு எழுதியிருக்கும், அதையும் படிங்க. பக்கத்து ஜில்லாவுல கொட்டியிருக்கும், உங்க தெரு காஞ்சிருக்கும்.

கேள்வி: "இயல்பை விட வெயில் அதிகம்"ங்கிறாங்களே, எது இயல்பு?

பதில்: 30 வருஷ சராசரி. இப்ப 1991லேருந்து 2020 வரைக்கும் உள்ள கணக்கு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை இதை மாத்துறாங்க, பூமி சூடாயிட்டே வர்றதால இயல்புங்கிற நம்பரும் மேல ஏறிட்டே போகுது, "இயல்பான வெயில்"னு இன்னைக்கு சொல்றது உங்க தாத்தா காலத்துல இயல்பை விட அதிகமா இருந்திருக்கலாம். அதனாலதான் பருவநிலை மாற்றத்தை ஒப்பிட மட்டும் 1961-1990ஐ மாத்தாம வெச்சுக்கணும்னு உலக வானிலை அமைப்பு சொல்லுது. அறிக்கையில எந்த வருஷத்தோட ஒப்பிடுறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் மத்த நம்பரைப் பாருங்க.

கேள்வி: என் போன் ஆப் 30 நாளுக்கு முன்னாடியே மழை காட்டுது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். இன்ன தேதியில மழைன்னு சொல்றதுக்கு ரெண்டு வாரம்தான் ஏறக்குறைய எல்லை, காத்து மண்டலத்தோட குணமே அப்படி. அதுக்கு மேல, இந்த மாசம் வழக்கத்தை விட மழை கூடவா குறைவாங்கிற அளவுக்குத்தான் சொல்ல முடியும். கல்யாணத் தேதியை அந்த ஆப் பாத்து குறிக்காதீங்க.