பழைய மாருதி 800: பெட்ரோல் வாடை, அடியில் ஆயில் சொட்டு. எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: 1997 மாடல் கார்புரேட்டர் மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் வாடை. நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுகிறது. எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. ஆனால் இது ஒரு வேலை இல்லை, இரண்டு. பெட்ரோல் கசிவு இன்றைக்கே பார்க்க வேண்டியது. அது அடைபடும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஆயில் கசிவுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம், ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைத் தினம் பார்த்துக்கொண்டால்.

வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய ஷெட்டிலும் சர்வீஸ் பள்ளத்திலும் தரையோடு தேங்கி நிற்கும். பழைய குண்டு பல்பு கைவிளக்கு வேண்டாம், எல்.இ.டி. டார்ச் போதும். ஹோஸைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். வடியும் பெட்ரோலை வாட்டர் பாட்டிலில் பிடிக்காமல், மூடியுள்ள தகர டப்பாவில் பிடியுங்கள்.

பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை, கறையைத் தேடுங்கள். ஹோஸ் முனையிலும் கார்புரேட்டர் உடம்பிலும் பழுப்பு வளையம் தெரிந்தால் அங்கே பல நாளாகக் கசிந்திருக்கிறது. உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கல், கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுவது. எஞ்சின் சுற்றினால்தான் லைனில் பிரஷர் வரும். நின்ற வண்டியில் கசிவு தெரியாமல் போவது அதனால்தான். எல்லா ஜாயின்ட்டையும் பனியன் துணியால் துடைத்துவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத ஜாயின்ட்களில் ஒரு விரல் அகல நியூஸ் பேப்பர் துண்டைச் சுற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒரு சொட்டு பட்டாலே பேப்பர் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மேல்தான். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்திருக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து 1997-இல் யாரும் ரப்பர் போடவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், வழவழப்பாக்கும். பிறகு காய்ந்தால் வெடிக்கும். ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் நூல் நூலாகக் கோடு விட்டாலும், நகத்தால் அழுத்தினால் பிசுபிசுத்தாலும் மாற்ற வேண்டியதுதான். கசிகிற ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை, ரிட்டர்ன் லைனையும் சேர்த்து, எல்லாம் ஒரே வயது. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். கடையில் 'பெட்ரோல் ஹோஸ்' என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். ஹோஸின் மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அதன் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். வண்டியின் பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதே அளவு உள்விட்டமுள்ள ஹோஸ் வாங்குங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் கண்ணுக்கு அழகாக இருக்கும், எஞ்சின் சூட்டில் சில மாதத்தில் கல்லாகி நழுவும்.

ஹோஸ் மாற்றியும் கசிகிறது என்றால் பெரும்பாலும் கிளிப்தான் காரணம். திருகு போட்ட சாதாரண கிளிப்பின் பட்டியில் வெட்டுத் துளைகள் இருக்கும். இந்த மெல்லிய ஹோஸில் இறுக்க இறுக்க அவை ரப்பரை அறுக்கும். உள்பக்கம் வழுவழுப்பான, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகை கிளிப் வாங்குங்கள். ஹோஸ் பைப்பின் மேடு தாண்டி 20 மில்லிமீட்டராவது உள்ளே போகட்டும். கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயோ ஹோஸின் நுனியிலேயோ உட்கார்ந்தால் நிற்காது.

அடுத்தது பம்ப். அதன் உடம்பில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே பெட்ரோல் வந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்: வெளியே போக வழியில்லாத பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். பம்பையே மாற்றுவது நல்லது. மாற்றும்போது பம்புக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தடித்த இன்சுலேட்டரையும் அதன் இரு பக்கப் பேக்கிங்கையும் புதிதாகப் போடுங்கள். பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்தால் பெட்ரோல் கசிவு போய் அதே இடத்தில் ஆயில் கசிவு வரும்.

மூன்றாவது கார்புரேட்டர். பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடிலின் சீட்டில் தூசு நின்றாலோ, நீடில் முனையில் வளையம் தேய்ந்திருந்தாலோ பெட்ரோல் நிற்காமல் வழியும். கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு, சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகத் தகராறு, இந்த மூன்றும் கூடவே வரும். எஞ்சினை நிறுத்தியபின் ஏர் கிளீனர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தொண்டையில் சொட்டு விழுந்தால் நீடில்தான். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் உடம்பில் மெதுவாகத் தட்டினால் தூசு நகர்ந்து அப்போதைக்கு நிற்கும். நிரந்தரத் தீர்வு ரிப்பேர் கிட்: நீடில், சீட், பேக்கிங், டயாஃப்ரம் எல்லாம் அதில் வரும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் அதுவும் மாற வேண்டும். திரும்ப மாட்டும்போது அடி நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஃபிளேஞ்ச் வளைந்து காற்று இழுக்கும்.

டேங்க்கை ஃபுல் செய்த நாளிலும் வளைவிலும் மட்டும் பின்பக்கம் வாடை வந்தால் டேங்க்கில் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். ஃபில்லர் ஹோஸ், பிரீதர் ஹோஸ், மிதவை யூனிட் பேக்கிங் மூன்றையும் பாருங்கள். டேங்க் துருவே காரணமானால் மாற்று டேங்க்தான் சரி. காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுக்கவே கூடாது.

இப்போது டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் பம்பிலிருந்தோ கார்புரேட்டரிலிருந்தோ பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீராக இளகிய ஆயில் பேரிங்கைக் காக்காது. சரியாக இருந்த சீலிலும் கசியும். பெட்ரோல் பக்கத்தை முடித்துவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் ஆயில் கசிவைத் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் கெடாத சீலுக்குக் காசு கொடுப்பீர்கள்.

ஆயில் தேடுவதில் ஒரே விதி: நனைந்திருக்கும் மிக உயரமான இடமே ஊற்று. கீழே சொட்டுவது ஓடிவந்தது. ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க விடுங்கள். கறுப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியுடன் இருந்தால் கியர் ஆயில். பச்சை, வழுக்கல் என்றால் கூலன்ட். பிறகு எஞ்சின் ஆறியதும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் வாய் மூன்றையும் பாலித்தீன் கவரால் மூடி, டீகிரீசர் தடவிக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவி 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளையில் ஆயில் விழுந்த கோடு ஊற்றுவரை அழைத்துப் போகும்.

மேலிருந்து கீழாக வாருங்கள். முதலில் எஞ்சின் ஹெட்டின் மேல் மூடியான டாப் கவரின் பேக்கிங். பெரும்பாலான வண்டிகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். அடுத்தது ஹெட்டின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், பிறகு ஆயில் பிரஷர் சுவிட்ச். இந்தச் சுவிட்ச் மரையின் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் விட்டு எச்சரிக்கை விளக்கு எரியாமல் போகலாம். ஃபில்டர் மாற்றிய மறுநாளே ஆயில் கொட்டினால் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன்மேல் உட்கார்ந்திருக்கும்.

டாப் கவரும், அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரும் தகரம். சிறிய போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல் தாங்காது. கசிகிறதே என்று இறுக்கினால் துளையைச் சுற்றித் தகரம் உள்வாங்கி இன்னும் கசியும். கழற்றி மரக்கட்டை மேல் வைத்து, உள்வாங்கிய இடத்தைத் தட்டிச் சமன் செய்யுங்கள். சேம்பரில் அனபாண்ட் என்ற சீலன்ட் பசை போடுவதானால் 3 மில்லிமீட்டர் கோடு போதும், போல்ட் துளைக்கு உள்பக்கமாக. குழைத்துப் பூசினால் பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ஆயில் பம்ப் வடிகட்டியை அடைக்கும். அது கசிவைவிடப் பெரிய சேதம். ஒரு நாள் காயவிட்டு ஆயில் ஊற்றுங்கள்.

டைமிங் பெல்ட் பக்கம் நனைந்திருந்தால் கேம்ஷாஃப்ட் சீல், முன் கிராங்க்ஷாஃப்ட் சீல் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றி, ஆயில் பட்ட பெல்ட்டையும் மாற்றுங்கள். கழற்றும் முன் டைமிங் மார்க் நேராக இருக்க வேண்டும். சீலில் ஸ்பிரிங் உள்ள வாய் ஆயிலைப் பார்த்து உட்காரணும். ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால் புது இடத்தில் பிடிக்கும்.

எந்தச் சீலுக்கும் முன் எஞ்சின் பிரீதரைப் பாருங்கள். டாப் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் ஆயில் கசடால் அடைத்தால், எஞ்சினுக்குள் பிரஷர் ஏறி எது பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். நேற்றுப் போட்ட சீல் இன்று கசிவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதினால் தடையின்றிப் போகணும். பிரீதர் சுத்தமாக இருந்தும், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் சீலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

மெக்கானிக் சொன்னதில் உண்மை இருப்பது ஒரே இடத்தில்: எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மட்டும் சொட்டி, மேலே முழுக்கக் காய்ந்திருந்தால் பின் கிராங்க் சீல். அப்போதும் இறங்க வேண்டியது கியர் பாக்ஸ்தான். சொட்டுவது கியர் ஆயிலா எஞ்சின் ஆயிலா என்று முகர்ந்து உறுதி செய்துகொண்டு கொடுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் அதையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டி வரும்.