பழைய நான்கு கியர் டீசல் பிக்கப் நெடுஞ்சாலையில் கத்தாமல் ஓட எதை மாற்றுவது: கிரவுன் பினியனையா, கியர் பாக்ஸையா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வில்லியனூரில் நீங்கள் வைத்திருப்பது நான்கு கியர் உள்ள பழைய டீசல் பிக்கப். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறீர்கள். வேகம் 65-ஐத் தாண்டியதும் இன்ஜின் கத்துகிறது. பின் அச்சில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்று என்கிறார் ஒருவர், ஐந்து கியர் பாக்ஸ் போடு என்கிறார் இன்னொருவர், பெரிய டயரே போதும் என்கிறார் மூன்றாமவர். கடலூரில் இதே வகை வண்டியை நெடுநாளாக ஓட்டி, இதில் ஒன்றைத் தவறாகச் செய்து பணத்தை இழந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எந்த வேகத்துக்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில்கூட மணிக்கு 80 கி.மீ. என்பதுதான் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பில் உள்ள உச்ச வரம்பு. பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டியின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதற்கு மேல் நம்பத் தகுந்தவையும் அல்ல. ஆகவே 100-இல் எப்படி ஓடும் என்ற பேச்சை விட்டுவிட்டு, 75 முதல் 80 வரை இன்ஜின் நிம்மதியாகச் சுழல என்ன வேண்டும் என்பதை மட்டும் கணக்கிடலாம்.

அதற்கு உங்கள் வண்டியின் கிரவுன் பினியன் விகிதம், அதாவது பின்சக்கரங்கள் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது, தெரிய வேண்டும். பட்டறைக்குப் போகாமலே அதை அளக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, டயரை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மற்றொரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியல் பாதிச் சுழற்சியை எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றச் சொல்வது அதனால்தான். கிரவுனில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் 5.38 வரும், 39-க்கு 8 என்றால் 4.88, 47-க்கு 11 என்றால் 4.27.

உங்களுடையது 4.88 என்றும், டயர் 215/75 ஆர் 15 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த டயரின் குறுக்களவு ஏறக்குறைய 70 செ.மீ.; ஒரு சுற்றில் 2.21 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 603 முறை சுழலும். நான்கு கியர் பாக்ஸில் நான்காவது பெரும்பாலும் நேர் கியர், அதாவது இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்பவை. எனவே இன்ஜின் நிமிடத்துக்கு 2,940 சுழற்சியில் ஓடியாக வேண்டும். மூவாயிரத்துச் சொச்சத்தில் உச்சத் திறனை எட்டி, அதற்குச் சற்று மேலே பம்ப்பின் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும் பழைய இன்ஜினுக்கு இது ஏறக்குறைய முழு ஓட்டம். விகிதம் 5.38 என்றால் 3,240-ஐத் தொட்டுவிடும். கத்துவதற்குக் காரணம் பழுது அல்ல, பல் எண்ணிக்கைதான்.

நான் செய்த தவறு இதற்கு அடுத்த படியில் நடந்தது. என் வண்டியில் 5.38 இருந்ததால், காயலான் கடையில் கிடைத்த 4.27 ஜோடியை வாங்கி மாட்டினேன். காலி வண்டியில் புதுச்சேரிக்குப் போய்வந்த அன்று மகிழ்ச்சிக்கு அளவில்லை. மறுவாரம் பலாப்பழ லோடுடன் கேப்பர் மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க நேர்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. வெளியூர்க்காரர்கள் அதை மலை என்றால் சிரிப்பார்கள், ஆனால் முழு லோடில் முதல் கியரில் வண்டியை நகர்த்த நான் கிளட்சைப் பாதியிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. கிரவுன் பினியனை மாற்றினால் கடைசிக் கியர் மட்டும் நீளாது, முதல் கியரும் ரிவர்ஸும் சேர்ந்தே நீளும். 5.38-லிருந்து 4.27-க்குப் போனதில் எல்லாக் கியரிலும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கிளட்ச் பிளேட் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அதற்குள் பினியனும் ஊளையிடத் தொடங்கியிருந்தது. கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துப் பல் பதியும் இடத்தைச் சரிபார்க்கவும் வேண்டும். அப்படிச் சரிபார்க்கும் பொறுமை எனக்கு வேலை செய்தவருக்கு இல்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும்.

பாரம் ஏற்றுபவருக்கு என் பரிந்துரை ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுழலும் கியர், உள்ள ஐந்து கியர் பாக்ஸ். முதல் நான்கு கியரும் ஏறத்தாழ இருந்தபடியே இருக்க, ஐந்தாவது மட்டும் 0.8 அளவில் வந்தால், மேலே சொன்ன 2,940 சுழற்சி 2,350 ஆக இறங்கும். அந்த வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். ஆனால் ஐந்து கியர் என்று சொல்லி விற்கும் பாக்ஸ் எல்லாவற்றிலும் ஐந்தாவது ஓவர்டிரைவ் அல்ல. சிலவற்றில் கீழே ஒரு கியர் கூடியிருக்கும், ஐந்தாவது நேர் கியராகவே இருக்கும். அதை மாட்டி ஒரு பயனும் இல்லை. வாங்கும் முன் ஐந்தாவதில் போட்டு, முன் ஷாஃப்டைப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் பன்னிரண்டரைச் சுற்று வந்தால் அது 0.8, பத்தே வந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பொருத்தும் வேலையில் பெல் ஹவுசிங் எனும் கிளட்ச் மூடியின் போல்ட் துளைகள், முன் ஷாஃப்டின் ஸ்பிளைன் எனும் நீள்வரிப் பற்களுக்கு ஏற்ற கிளட்ச் பிளேட், ஃபிளைவீல் நடுவில் உள்ள சிறு பேரிங், மவுண்டிங் குறுக்குச் சட்டம், ஸ்பீடோமீட்டர் கேபிளின் பல் ஆகியவை ஒத்துவர வேண்டும். உங்கள் இன்ஜினோடு நிறுவனமே பிற்காலத்தில் கொடுத்த பாக்ஸைத் தேடினால் இவற்றில் பாதிப் பிரச்சினை தீரும். ஐந்து கியர் பாக்ஸ் நீளமாக இருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டிவரும். லேத்தில் வெட்டி வெல்டிங் வைப்பதோடு விட்டுவிடாமல் பேலன்சிங்கும் கட்டாயம் செய்யுங்கள், ஏனெனில் இன்ஜின் சுழற்சி குறைந்தாலும் 80 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் முன்பு போலவே 2,940-இல்தான் சுழலும். உங்கள் வண்டியின் அதிர்வு இன்ஜினிலிருந்து வராமல் ஷாஃப்டின் முனையில் உள்ள தேய்ந்த கிராஸ் ஜாயின்டிலிருந்து வருவதாக இருந்தால், எந்தக் கியர் பாக்ஸும் அதைப் போக்காது. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

டயர் யோசனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 235/75 ஆர் 15 போட்டால் நான்கு சதவீதம்தான் மிச்சம், 2,940 என்பது 2,820 ஆகும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-இல் போய்க்கொண்டிருக்கும்.

சட்டப் பக்கத்தையும் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிறது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது பிறகு அலைவதைவிட எளிது.

டீசல் மிச்சமாகும் என்ற கணக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினின் உள் உராய்வு குறைவதால் ஓரளவு மிச்சமாகும், ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தியைக் கியர் மாற்றிவிடாது. 90-இல் போகும் வண்டி 80-இல் இறங்கினாலே காற்றெதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும், கன்னியக்கோயில் பக்கம் எல்லைக்கு உள்ளே புதுச்சேரி விலையில் டீசல் போடுவதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

ஐந்தாவது கியர் வந்த பிறகு ஓட்டும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் லோடோடு சென்னை நோக்கிப் போகும்போது, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய திறந்த வெளியில் வாடைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். வேகம் 60-க்கு இறங்கினால் ஐந்தாவதில் இன்ஜின் 1,760 சுழற்சிக்கு வந்துவிடும். அங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகையும் திணறலும்தான் வரும், பேரிங்குக்கும் அது நல்லதல்ல. வேகம் 65-ஐத் தொடும்போதே நான்காவதற்கு இறக்கிவிடுங்கள், காற்று அடங்கும்வரை நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.