பழைய டீசால்டரிங் ஸ்டேஷன்: உறிஞ்சவில்லை என்றால் முதலில் காற்றைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1976-இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டர்பனில் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அன்று தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. சர்க்யூட் பலகையில் மின்னணு உறுப்புகளை ஒட்டவைக்கும் பற்றாசான சால்டரை உருக்கி உறிஞ்சி எடுக்கும் ஸ்டேஷன்களைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: மூடிய தொழிற்சாலையின் ஏலத்தில் பழைய ஸ்டேஷன் ஒன்று வாங்கினேன். உறிஞ்சும் முனையான நாசில் சூடாகிறது, பம்ப் ஓடுகிறது, சால்டர் மட்டும் ஏறவில்லை. புதிய பம்ப் வாங்க வேண்டுமா ஐயா?

அவசரப்படாதீர்கள் தம்பி. இந்தக் குறையோடு வரும் ஸ்டேஷன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்ப் நன்றாகவே இருக்கும். ஸ்டேஷனின் முகப்பில் குழாய் சேரும் இடத்தில் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடி, துப்பாக்கி போன்ற கைப்பிடியின் விசையை அழுத்துங்கள். விரலைப் பிடித்து இழுத்தால் பம்ப் நலம். கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. குழாயைத் திரும்பச் செருகி, நாசில் சூடேறும் முன்பே அதன் வாயை ஒரு ரப்பர் துண்டால் அடைத்து மறுபடியும் அழுத்துங்கள். காற்று நுழையும் இடம் மெல்லச் சீறும். காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

முதல் சந்தேகம் சால்டர் சேரும் கண்ணாடிக் குழலின் முன்பக்கச் சிலிகான் சீல் மீதுதான் வர வேண்டும். எந்நேரமும் சூட்டிலேயே இருப்பதால் அது இறுகிப்போகும். அடுத்தது கண்ணாடிக் குழலின் விளிம்பு. நகத்தால் தடவினால் தெரியும் சிறு சில்லு போதும், உறிஞ்சும் வலு பாதியாகிவிடும். பின்பக்க ஃபில்டர் பழுப்பேறிக் கல்லாகியிருந்தாலும் இதே குறைதான் தெரியும். அதைக் கழற்றியதும் இழுவை கூடினால் புது ஃபில்டர் போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரே ஒரு முறைகூடச் சால்டரை உறிஞ்சாதீர்கள். அது பம்புக்குள் போய்விடும்.

விரலைப் பம்ப் இழுக்கவில்லை என்றால் மட்டும் அதைத் திறக்கலாம். பாகங்கள் இருந்த வரிசையை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரப்பர் சவ்வான டயாபிரமும் மெல்லிய வால்வு இதழ்களும் இருக்கும். சால்டரோடு கலந்திருக்கும் பிசினான பிளக்ஸின் புகை படிந்து இதழ்கள் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால், நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். டயாபிரமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுத் திருகைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா நெருங்கிய நேரம். திருவிழா நடக்கும் பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒலிபெருக்கிக்கான ஆம்பிளிஃபயர் மேசையில் கிடக்க, என் ஸ்டேஷன் உறிஞ்ச மறுத்தது. இரவில் பம்பைத் திறந்தால், வால்வு இதழுக்கு அடியில் கடுகளவு சால்டர் துணுக்கு. எடுத்ததும் பழைய வலு வந்தது. அன்று முதல், திறந்து பார்க்காமல் எந்தப் பம்பையும் நான் குப்பையில் போட்டதில்லை.

லெனேசியாவிலிருந்து ஒருவர்: கையேட்டில் உறிஞ்சும் வலு 600 மில்லிமீட்டர் பாதரசம் என்று போட்டிருக்கிறது. என் வாக்குவம் மானி 490-ஐத் தாண்டவில்லை. எல்லாச் சீல்களையும் மாற்றிவிட்டேன்.

உங்கள் ஸ்டேஷனில் குறை இல்லை ஐயா, நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம்! கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர். உங்கள் ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத்தில், 1,700 மீட்டர் உயரத்தில், அது ஏறத்தாழ 620தான். 760-இல் 600 இழுக்கும் பம்ப், 620-இல் 490-ஐ ஒட்டித்தான் இழுக்கும். சீல்களுக்குச் செலவழித்த பணத்தை நினைத்து வருந்துகிறேன். இனி கசிவைச் சோதிக்க, எண்ணைப் பார்ப்பதை விட, பம்பை நிறுத்தியதும் முள் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். ஒன்று கவனத்தில் இருக்கட்டும்: உங்கள் ஊரில் உறிஞ்சும் வலு இயல்பாகவே குறைவு. ஆகவே விசையை அழுத்தும் முன் சால்டர் முழுவதும் உருகியிருப்பது கடலோரத்தில் இருக்கும் எங்களை விட உங்களுக்கு இன்னும் முக்கியம்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: பத்து இணைப்புக்கு ஒரு தடவை நாசில் அடைத்துக்கொள்கிறது. வெப்பத்தை 450 டிகிரிக்கு ஏற்றியும் பயனில்லை.

வெப்பத்தை இறக்குங்கள். 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) உருகுவது 183 டிகிரியில், ஈயமில்லாத வகை 217-ஐ ஒட்டி. பெரும்பாலான வேலைக்கு 350 போதும். 450-இல் நாசிலின் இரும்புப் பூச்சு அரிக்கப்படும், பலகையின் செம்புத் தடமும் உரியும். உறுப்பின் கால் தளர்ந்து ஆடும் வரை காத்திருந்து விசையை அழுத்துங்கள். நாசிலைத் தூக்கிய பிறகும் ஒன்றிரண்டு வினாடி உறிஞ்ச விடுங்கள்; நாசிலின் துளை நடுவில் நின்ற சால்டர் அப்போதுதான் கண்ணாடிக் குழலுக்குள் போய்ச் சேரும். அடைப்பு வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வினாடியை மிச்சப்படுத்துவதால்தான். துப்புரவுக் கம்பியை நாசில் சூடாக இருக்கும்போது மட்டும் செலுத்துங்கள். ஈயமில்லாத இணைப்பு அடம்பிடித்தால் கொஞ்சம் 63/37 சேர்த்து உருக்கிவிட்டு எடுங்கள், எளிதாக வரும்.

பீனிக்ஸிலிருந்து ஒருவர்: ஹீட்டர் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

மின்தடையை அளந்து பாருங்கள். 24 வோல்ட், 50 வாட் ஹீட்டர் என்றால் கணக்குப்படி சுமார் 11.5 ஓம். பீங்கான் வகை குளிர்ந்த நிலையில் அதை விடக் குறைவாகக் காட்டலாம். எதுவும் காட்டவில்லை என்றால், ஹீட்டரைக் குறை சொல்லும் முன் கைப்பிடியில் கம்பி நுழையும் இடத்தை வளைத்துக்கொண்டே மறுபடி அளந்து பாருங்கள். பல வேளை அங்கேதான் கம்பி அறுந்திருக்கும்.

டர்பன் கடற்கரைப் பகுதியிலிருந்து ஒருவர்: ஆறு மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன். செருகியதும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் வீட்டின் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது. எர்த் கம்பியைக் கழற்றினால் வேலை செய்கிறது.

இப்போதே அதைத் திரும்பப் பொருத்துங்கள்! அந்தக் கம்பி இல்லாவிட்டால் நாசிலிலேயே மின்சாரம் இருக்கலாம். ஹீட்டர் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் வகையாக இருந்தால், நம் கடற்காற்றின் ஈரம் அதன் மின்காப்புப் பொடிக்குள் இறங்கியிருக்கும். செருகியைப் பிடுங்கிவிட்டு, துப்பாக்கியின் உலோகப் பகுதியை 70, 80 டிகிரி வெதுவெதுப்பில் சில மணி நேரம் உலர வையுங்கள். பிறகு 500 வோல்ட் காப்புச் சோதனை மானியால் அளக்கச் சொல்லுங்கள். இன்னும் கசிந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் பழைய வடிகட்டிக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். மேல்கூட்டில் விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அவை ஒருநாள் புகைந்து வெடிக்கும்.

வெருலத்திலிருந்து, தொழில் கற்கும் ஒரு பெண்: வேலை நடுவே மின்வெட்டு வந்தால் என்ன செய்வது? தினமும் என்ன கவனிக்க வேண்டும்?

மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள் அம்மா. திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறலாம். நாசிலுக்குள் உறைந்த சால்டர் முழுதாக உருகும் வரை விசையைத் தொடாதீர்கள். நாள் முடிவில் கண்ணாடிக் குழலைக் காலி செய்து, நாசில் நுனியில் புதுச் சால்டர் பூசி அணையுங்கள். காலி செய்வதைச் சமையலறையில் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம் கலந்த தூள். அதை ஊதாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டைத் தொட வேண்டும்.