கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்றால் நம் விண்மீன் கூட்டமான (கேலக்ஸி) பால்வெளியை ஏன் இன்னும் விழுங்கவில்லை? கருந்துளை இவ்வளவு பெரிதாக எப்படி வளர்ந்தது?

இதையே என் ஆயாவும் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்த இரவு. மின்வெட்டில் தெருவே இருட்டு. ஆடி இரவில் பால்வெளியின் மையம் எங்கள் ஊருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வரும், மூல நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி. (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஜோசியர்கள் கிளம்பிவிட வேண்டாம்.)

"அங்கேதான் ஆயா, 43 லட்சம் சூரியன் எடையில் ஒரு கருந்துளை."

"அப்போ நம்மள இழுத்துக்காதா?"

இழுக்காது. 26,000 ஒளியாண்டு தூரம். மொத்தப் பால்வெளிக்கு முன்னால் அதன் எடை வெறும் கொசுறு. பக்கத்தில் இருக்கும் வாயுகூட நேராக உள்ளே விழாது. சுற்றிச் சுற்றி, உரசிச் சூடேறி, பயங்கரமாக ஒளிரும். கூழ் அண்டா அடுப்பை நெருங்கினால் அனல் நம்மைப் பின்வாங்க வைக்குமே, அதுபோல அந்த ஒளி அடுத்து வரும் வாயுவைத் தள்ளிவிடும். அதனால் தீனி எவ்வளவு கிடந்தாலும் தின்னும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பிலேயே ஓயாமல் தின்றாலும் எடை இரட்டிக்கச் சுமார் மூன்றரைக் கோடி ஆண்டு ஆகும்.

சரி, இப்போது கணக்கு உதைக்கும் இடம். பெருவெடிப்பு நடந்து 67 கோடி ஆண்டுக்குள்ளேயே 160 கோடி சூரியன் எடையில் ஒரு கருந்துளை இருந்திருக்கிறது. செத்த விண்மீன் விட்டுப்போன 100 சூரியன் எடையில் தொடங்கியிருந்தால் 24 முறை இரட்டிக்க வேண்டும். 84 கோடி ஆண்டு! காலம் போதாது. அதனால் சிலர், மாபெரும் வாயு மேகமே விண்மீனாகச் சிதறாமல் சரிந்து, லட்சம் சூரியன் எடையில் பிறந்திருக்கும் என்கிறார்கள். அப்படியானால் 14 முறை, 49 கோடி ஆண்டு போதும். வரம்பை மீறித் தின்ற காலமும் உண்டு என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. 2023இல் சந்திரா, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் சேர்ந்து காட்டிய ஒரு பழைய கருந்துளை, தன் கேலக்ஸியின் விண்மீன்கள் மொத்தத்துக்கும் கிட்டத்தட்டச் சமமான எடை. அது பெரிதாகவே பிறந்த பிள்ளை போலத்தான் தெரிகிறது.

அப்புறம் கேலக்ஸியோடு சேர்ந்து வளர்வது. இரண்டு கேலக்ஸிகள் மோதி இணைந்தால் வாயு நடுவில் குவியும், கருந்துளைக்கு விருந்து. விருந்து மிஞ்சினால் அதிலிருந்து கிளம்பும் காற்றும் பீச்சலும் மீதி வாயுவைச் சூடாக்கி விரட்டும். புது விண்மீன் பிறப்பு குறையும், கருந்துளையின் சாப்பாடும் நிற்கும். கேலக்ஸி, கருந்துளை இரண்டின் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வர இதுவும் ஒரு காரணம்.

எங்கள் நாட்டு வட கேப் மாகாணத்தில் இருக்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி, 64 ஆண்டெனாக்களை வைத்து, 2019இல் பால்வெளி மையத்துக்கு மேலும் கீழும் ரேடியோ குமிழிகளைக் காட்டியது. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஏதோ ஒரு வெடிப்பின் மிச்சம். கருந்துளையின் வேலையா, விண்மீன்களின் வேலையா என்ற பேச்சு ஓயவில்லை.

"இப்போ என்ன திங்குது?" என்றார் ஆயா.

"அனேகமாகப் பட்டினி."

"பாவம்" என்றார்.