கம்பைலர் பாடத்தில் விஷுவலைசேஷன்: எங்கே நிறுத்திக் கேட்பது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) டிசைன் எடுக்கிறேன். பார்சிங் (நிரலை இலக்கண விதிப்படி பிரித்தறிவது) அனிமேஷன் போட்டால் மாணவர்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். தேர்வில் எல்ஆர் டேபிள் (பார்சிங்கில் அடுத்த செயல் எது என்று சொல்லும் அட்டவணை) கேட்டால் தடுமாறுகிறார்கள். வேறு கருவிக்கு மாறலாமா?

பதில்: கருவி இருக்கட்டும், பயன்படுத்தும் முறையை மாற்றுங்கள். அல்காரிதம் விஷுவலைசேஷன் பற்றிய 24 சோதனைகளை ஒன்றாக வைத்து அலசிய 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்பதைவிட, மாணவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது என்பது அதன் முடிவு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பார்சிங்குக்கு ஜேஎஃப்லாப் போதும். டியூக் பல்கலைக்கழகத்தில் சூசன் ராட்ஜர் குழு உருவாக்கிய இலவச மென்பொருள் அது. ஃபர்ஸ்ட் (ஓர் இலக்கணப் பகுதி எந்த டோக்கனில், அதாவது எந்தச் சொல்லில் அல்லது குறியில், தொடங்கலாம்), ஃபாலோ (அதற்கு அடுத்து எந்த டோக்கன் வரலாம்) கணங்களை மாணவரே நிரப்பலாம். தப்பாக இருந்தால் சுட்டிக்காட்டும். எல்லாவற்றையும் தானே நிரப்பும் 'டூ ஆல்' பட்டனும் அதில் இருக்கிறது. முதல் அரைமணி நேரம் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதற்காக எல்லாவற்றையும் கையால் போடச் சொல்லவும் வேண்டாம். வழக்கமான கூட்டல், பெருக்கல் இலக்கணத்துக்கே எல்ஆர் டேபிளில் 12 நிலைகள் வரும். முதல் மூன்றை நோட்டில் போடட்டும், மீதியைக் கருவி போடட்டும்.

அப்புறம் 2 + 3 * 4 கொடுத்து ஸ்டெப் ஸ்டெப்பாக ஓட்டுங்கள். ஸ்டாக்கின் (இதுவரை படித்ததை அடுக்கி வைக்கும் இடம்) மேல்பகுதியில் எக்ஸ்பிரஷன், கூட்டல் குறி, டெர்ம் (பெருக்கலால் சேரும் பகுதி). அடுத்து வரும் டோக்கன் பெருக்கல் குறி. இங்கே நிறுத்துங்கள். ஷிஃப்டா (அடுத்த டோக்கனை ஸ்டாக்கில் ஏற்றுவது), ரெட்யூஸா (மேலே இருப்பதை ஒரு விதிப்படி ஒன்றாகச் சுருக்குவது, இங்கே எக்ஸ்பிரஷனாக)? எல்லோரும் காரணத்தோடு எழுதிய பிறகே அடுத்த கிளிக். 'ரெட்யூஸ்' என்று எழுதியவரிடம், எக்ஸ்பிரஷனின் ஃபாலோ கணத்தில் பெருக்கல் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்காது. ஃபாலோ எதற்கு என்று பல மாணவர்களுக்கு உண்மையில் புரிவது இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் இந்த ஒரு ஸ்டெப்புக்கு ஒரு முழு பீரியடே கொடுக்கலாம்.

கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரண்டு செயல்கள் பொருந்தும் சிக்கல்) பாடத்துக்கு, இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கும் பைசன் கருவியின் 3.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். எந்த எல்ஸ் எந்த இஃபுக்குச் சொந்தம் என்ற பழைய சிக்கலைக் கொடுத்து -Wcounterexamples என்ற ஆப்ஷனோடு ஓட்டினால், ஒரே உள்ளீட்டை இரண்டு விதமாகப் பிரிக்க முடிவதை அதுவே உதாரணத்தோடு காட்டும். அந்த இரண்டு பிரிப்புகளையும் மரப்படங்களாக மாணவர்கள் கையால் வரையட்டும்.

ஆப்டிமைசேஷனுக்கு (நிரலை வேகமாக ஓடும்படி கம்பைலர் மாற்றுவது) மேட் காட்போல்ட் 2012இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது; நிரல் எந்த அசெம்பிளியாக மாறுகிறது என்று காட்டும் இணையதளம் அது. 1 முதல் என் வரை கூட்டும் ஃபார் லூப்பை கிளாங் கம்பைலரில் ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்), ஓ2 (ஆப்டிமைசேஷனோடு) இரண்டிலும் அருகருகே போடுங்கள். ஓ2வில் லூப்பே காணாமல் போய் சூத்திரம் மட்டும் நிற்கும். அதைத் திரையில் காட்டும் முன், 'அசெம்பிளியில் ஜம்ப் (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) இருக்குமா, எதற்காக?' என்று எழுதி வாங்குங்கள்.

இன்டர்னல் தேர்விலும் இதே பாணியில் கேளுங்கள்: பாதியில் நிறுத்திய ஸ்டாக்கை அச்சிட்டுக் கொடுத்து, அடுத்த மூன்று செயல்களையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.